உடம்பு வழியா மனசுக்கு, மெதுவா தொடற சிகிச்சை: பெரியவங்களுக்கும் பாப்பாக்களுக்கும் அடிக்கடி வர்ற கேள்விகள்

ஜெர்மனிக்கு வந்து குழந்தை பெத்துக்கற நம்ம ஊர்ப் பொண்ணுங்ககிட்டேந்து எனக்கு வர்ற மெசேஜ் முக்காவாசி ஒரே மாதிரிதான் இருக்கும். பாப்பா சாயங்காலம் ஆனா நிறுத்தாம அழறா, வீட்டுக்கு வர்ற ஹெபம்மே, அதாவது மருத்துவச்சி, கிரானியோசேக்ரல் போய்ப் பாருங்கன்னு சொல்றாங்க, அது என்னது, போகலாமா வேண்டாமா, காசு யாரு தருவா. இன்னும் சிலர் தங்களுக்காகவே கேப்பாங்க, பேசிப் பேசி அலுத்துப்போச்சு, உடம்பு மட்டும் இறுகியே கெடக்கு, உடம்பு வழியா மனசுக்கு வைத்தியம் பண்றாங்களாமே அது நெஜமான்னு. நான் இங்க உடல்வழி மனச்சிகிச்சை படிச்சு அதுலயே வேலையும் பாக்கறேன், இந்த வேலை மேல எனக்கு ரொம்பப் பிரியம், அதனாலயே இதுல எதுக்கு ஆதாரம் இருக்கு எது வெறும் வாக்குறுதின்னு பிரிச்சு சொல்லிடணும்னு நினைக்கறேன்.

இது மசாஜா, கவுன்சிலிங்கா?

ரெண்டும் இல்ல. இங்க இதுக்குப் பேரு கோர்ப்பர் சைகோதெரபி. மனச்சிகிச்சைதான், உக்காந்து பேசறதும் உண்டு, ஆனா பேசறப்போ உங்க மூச்சு எங்க நிக்குது, தோள் எப்ப மேல ஏறுது, எந்த விஷயத்தைச் சொல்லும்போது கை தானா வயித்து மேல போகுதுன்னு சேர்த்துப் பாப்பாங்க, அதை உங்களையும் கவனிக்க வைப்பாங்க. மசாஜ்ல தசை தளர்ந்தா வேலை முடிஞ்சுது, இங்க தசை தளரும்போது என்ன உணர்வு வருதுங்கறதுலதான் வேலையே ஆரம்பிக்குது.

கிரானியோசேக்ரல், பாப்பாக்களுக்கான பட்டாம்பூச்சி மசாஜ் இதெல்லாம் தனி வகை, கையால மெதுவா தொடறது. ஒரே கிளினிக்ல ரெண்டையும் பண்றவங்க இங்க நெறைய பேர் இருக்காங்க, அதனாலதான் எல்லாம் ஒண்ணுன்னு தோணுது.

இதை யார் ஆரம்பிச்சது?

வில்ஹெல்ம் ரைஷ்னு ஒரு டாக்டர், 1897ல பொறந்தவர், வியன்னால ஃப்ராய்டோட வட்டத்துல இருந்தவர். நோயாளி என்ன சொல்றார்ங்கறதை விட எப்படி உக்காந்து சொல்றார், தாடை எப்படி இறுகுது, மூச்சை எங்க அடக்கறார்னு பாக்க ஆரம்பிச்சார். அடக்கி வெச்ச உணர்ச்சி தசையில ஒரு கவசம் மாதிரி நின்னுடுதுன்னு சொன்னார், இன்னிக்கு இருக்கற உடல்வழி சிகிச்சை பெரும்பாலும் அங்கேந்துதான் கெளம்புது. ஆனா அதே மனுஷர் அமெரிக்கா போனப்பறம் ஆர்கோன்னு ஒரு சக்தி இருக்கு, அதைப் பெட்டியில சேத்து வெச்சு நோயை குணப்படுத்தலாம்னு இறங்கிட்டார், அந்தப் பெட்டிகளுக்குத் தடை வந்துது, தடையை மீறினதுக்கு ஜெயிலுக்குப் போயி 1957ல அங்கயே இறந்தும் போனார். அவர்கிட்டேந்து தசையையும் மூச்சையும் கவனிக்கறதை எடுத்துக்கணும், ஆர்கோனை விட்டுடணும்.

அவருக்கு அப்பறம் அலெக்சாண்டர் லோவன், மூச்சையும் உடம்பு நிக்கற விதத்தையும் வெச்சுப் பண்ற பயோஎனர்ஜெட்டிக்ஸ்னு ஒரு முறையைக் கொண்டுவந்தார், நார்வேலேந்து லண்டன் போன கெர்டா பாய்சன் வயித்து மேல ஸ்டெதஸ்கோப் வெச்சு குடல் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே சிகிச்சை பண்ணாங்க, யூஜின் ஜெண்ட்லின், பீட்டர் லெவின், பாட் ஓக்டன்னு ஒவ்வொருத்தரும் ஒரு வழி போட்டாங்க. இந்தத் துறைக்கான ஐரோப்பிய சங்கம் 1988லேந்து இருக்கு. முந்தியெல்லாம் கத்தணும், உதைக்கணும், அழுது தீக்கணும்னு இருந்துது, இப்ப நல்ல தெரபிஸ்ட் யாரும் அப்படித் தள்ள மாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா, தாங்கற அளவுக்குத்தான் போவாங்க. எனக்கு இந்த மாற்றம்தான் இந்தத் துறையில நடந்ததுலயே நல்ல விஷயம்னு தோணுது.

ஒரு செஷன்ல என்னதான் நடக்கும்?

50 நிமிஷம், இல்ல ஒரு மணி நேரம். டிரெஸ் போட்டபடியேதான். ஒரு உதாரணம் சொல்றேன், எந்த ஒரு ஆளோட கதையும் இல்ல, இது அடிக்கடி பாக்கறதுதான். ஆபீஸ் மீட்டிங்னாலே நெஞ்சு அடைக்குதுன்னு ஒருத்தர் வர்றார். மொதல்ல நான் கேக்கறது டாக்டர்கிட்ட இசிஜி எடுத்தாச்சாங்கறதுதான், இதயத்துல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச அப்பறம்தான் மத்தது. அப்பறம் அந்த மீட்டிங்கை நெனச்சுப் பாருங்கன்னு சொன்னா நெஞ்சு அடைக்க ஆரம்பிக்கும், உடனே அதுக்குள்ள முழுசா போக விடாம, பாதம் தரையில எப்படி இருக்கு, முதுகு நாற்காலியில எங்க படுதுன்னு கவனத்தை மாத்துவோம், கொஞ்சம் ஆசுவாசமானதும் திரும்ப நெஞ்சுக்கு, திரும்ப பாதத்துக்கு. இப்படிப் போயிட்டு வந்துட்டு இருக்கும்போதே பலருக்குக் கை முன்னாடி வந்து எதையோ தள்ளற மாதிரி அசையும், நில்லுன்னு சொல்ல முடியாத ஒரு பழைய விஷயம் ஞாபகம் வரும், இல்ல ஒண்ணுமே ஞாபகம் வராம பெருமூச்சு மட்டும் வரும். ரெண்டும் சரிதான். கதை கெடைச்சாத்தான் குணமாகும்னு இல்ல.

தொடுவாங்களா? பொம்பளைங்க தைரியமா போகலாமா?

தொடாமலே முழுசா பண்றவங்க நெறைய. தொடறதா இருந்தா எங்க, எதுக்கு, எவ்ளோ நேரம்னு மொதல்ல சொல்லணும், நீங்க சரின்னு சொல்லணும், சரின்னு சொன்ன அப்பறமும் நடுவுல வேண்டாம்னா அந்த நொடியே கை எடுக்கணும். வேண்டாம்னு சொல்றதுக்கு நீங்க காரணம் தர வேண்டியது இல்ல. டாக்டரை எதுத்துப் பேசக் கூடாதுன்னே வளந்த நமக்கு இது கஷ்டமா இருக்கும், அதனாலயே சொல்றேன், மொத செஷன்லயே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிப் பாருங்க, அவங்க எப்படி எடுத்துக்கறாங்கன்னு பாருங்க, மூஞ்சி சுருங்கினா வேற ஆளைப் பாருங்க.

ஜெர்மன் குற்றவியல் சட்டம் 174சி பிரிவுப்படி மனச்சிகிச்சை கொடுக்கறவர் அந்த உறவைப் பயன்படுத்திக்கிட்டு நோயாளிகிட்ட பாலியல் ரீதியா நடந்துக்கறது குற்றம், நோயாளி சம்மதிச்சாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. இது சிகிச்சையோட ஒரு பகுதின்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

கிரானியோசேக்ரல்னா என்ன, அது வேலை செய்யுமா?

எலும்பு, தசையைக் கையால வைத்தியம் பண்ற அமெரிக்க ஆஸ்டியோபத் வில்லியம் சதர்லாண்ட் மண்டையோட்டு எலும்புகள் லேசா அசையுது, அதுக்கு ஒரு தாளம் இருக்குன்னு சொன்னார், 1970கள்லயும் 80கள்லயும் ஜான் அப்லெட்ஜர் அதை வளத்து இந்தப் பேரைக் கொடுத்தார். தலை, முதுகுத்தண்டோட அடி, இங்கெல்லாம் அஞ்சு கிராம் எடை அளவுக்குத்தான் கை வெப்பாங்க, அந்தத் தாளத்தை விரலால உணர்ந்து சரி பண்றோம்னு சொல்லுவாங்க.

இப்ப நேரா விஷயத்துக்கு வர்றேன். அந்தத் தாளத்தை ஒரே ஆள்கிட்ட ரெண்டு தெரபிஸ்ட் தனித்தனியா எண்ணினா எண்ணிக்கை ஒத்துப்போறது இல்ல, இதைப் பல தடவை சோதிச்சுப் பாத்திருக்காங்க. பெரியவங்க மண்டையோட்டை விரலால நகத்த முடியும்ங்கறதுக்கும் ஆதாரம் கெடையாது. நாள்பட்ட வலி கொறஞ்சுதுன்னு சில சின்ன ஆய்வுகள் சொல்லுது, 2024ல வந்த ஒரு தொகுப்பாய்வு எந்த நோய்க்கும் சொல்லிக்கற மாதிரி பலன் இல்லன்னு முடிச்சுது. ஆனா போயிட்டு வந்தவங்க நல்லா தூங்கினேன்னு சொல்றதும் பொய் இல்ல. முக்கால் மணி நேரம் அமைதியான ரூம்ல, யாரும் எதுவும் கேக்காம, சூடான ரெண்டு கை தலையைத் தாங்கிட்டு இருந்தா யாருக்குத்தான் உடம்பு தளராது? அதுக்காகப் போனா போங்க. ஆஸ்துமா, ஆட்டிசம், வலிப்பு இதெல்லாம் சரியாகும்னு யாராவது சொன்னா அங்க காசு கொடுக்காதீங்க.

உடல்வழி மனச்சிகிச்சைக்கு மட்டும் ஆதாரம் இருக்கா?

இருக்கு, ஆனா நாங்க ஆசைப்படற அளவுக்கு இல்ல. இங்கிலாந்துல 2016ல வெளியான ஒரு பெரிய ஆய்வைச் சொல்லணும். ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனநோயால எதுலயும் பிடிப்பில்லாம, உணர்ச்சி மரத்துப்போய் இருந்த 275 பேரை ரெண்டாப் பிரிச்சு ஒரு பகுதிக்கு குழுவா உடல்வழி சிகிச்சையும் இன்னொரு பகுதிக்கு பிலாட்டிஸ் உடற்பயிற்சியும் கொடுத்தாங்க, கடைசியில அந்த அறிகுறிகள்ல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. முந்தின சின்ன ஆய்வுகள் நல்லா வந்ததால எல்லாரும் நம்பிக்கையா இருந்தோம். மனக்காயம், பதட்டம் இதுக்கெல்லாம் நல்ல அறிகுறிகள் காட்டற ஆய்வுகள் இருக்கு, பெரும்பாலும் சின்னது. அதனால கடுமையான பிடிஎஸ்டி, அதாவது மனக்காயத்துக்கு அப்பறம் விடாம துரத்தற நோய் இருந்தா, ஆதாரம் நல்லா இருக்கற ட்ராமா சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற சிகிச்சை), ஈஎம்டிஆர் (கண்ணை அசைச்சுக்கிட்டே பழைய ஞாபகத்தைக் கையாளற சிகிச்சை) இதையெல்லாம் மொதல்ல விசாரிங்க, இதைக் கூட சேத்துக்கலாம்.

நெட்ல எங்க பாத்தாலும் வேகஸ் நரம்பு, வேகஸ் நரம்புன்னு வருதே, அதுவும் இப்படித்தான். மூளையிலேந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் போற நரம்பு அது, பயம், நிம்மதி எல்லாத்துலயும் அதுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு ஸ்டீஃபன் போர்ஜஸ் 1994ல ஒரு கோட்பாடு முன்வெச்சார், தெரபிஸ்ட்டுகளுக்கு ரொம்பப் பிடிக்கும், உடலியல் ஆராய்ச்சியாளர்கள் பல பேர் அதோட அடிப்படையையே ஏத்துக்கல.

பாப்பா சாயங்காலமானா நிறுத்தாம அழறா. என்ன கோளாறு?

பெரும்பாலும் ஒரு கோளாறும் இல்ல. பொறந்த ரெண்டாவது வாரத்துலேந்து அழுகை ஏறும், ஆறாவது வாரம் வாக்குல உச்சிக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தானா கொறையும், எல்லா நாட்டுக் குழந்தைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல, வாரத்துல மூணு நாளுக்கு மேல, மூணு வாரத்துக்கு மேல அழுதா அதை அதிக அழுகைன்னு 1954லேந்தே டாக்டர்கள் ஒரு அளவு வெச்சிருக்காங்க. இதுல இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும், ஆறாவது வாரம் ஒரு தெரபிஸ்ட்டைப் பாத்து நாலு செஷன் போனா பத்தாவது வாரம் அழுகை கொறஞ்சிருக்கும், போகலன்னாலும் கொறஞ்சிருக்கும். கையால பண்ற சிகிச்சையாலதான் கொறஞ்சுதுன்னு சொல்ற ஆய்வுகளை 2012ல மருத்துவ ஆய்வுகளை அலசிப் பாக்கற காக்ரேன் குழு தொகுத்துப் பாத்துது, ஆய்வுகள் சின்னதாவும் ஓட்டையாவும் இருக்கறதால உறுதியா ஒண்ணும் சொல்ல முடியலன்னு எழுதினாங்க.

ஆனா எந்தத் தெரபிக்கும் முன்னாடி கிண்டர்ஆர்ட்ஸ்ட்கிட்ட, அதாவது குழந்தை டாக்டர்கிட்ட, காட்டியே ஆகணும். மூணு மாசத்துக்குள்ள இருக்கற பாப்பாவுக்கு 38 டிகிரி காய்ச்சல், பச்சை நிறத்துல வாந்தி, மலத்துல ரத்தம், உச்சிக்குழி புடைச்சு நிக்கறது, பால் குடிக்காம துவண்டு கெடக்கறது, அழுகை சத்தமே வித்தியாசமா கீச்சுன்னு வர்றது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே, ராத்திரின்னா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, இல்ல 112ங்கற அவசர நம்பர்.

பட்டாம்பூச்சி மசாஜ்னு சொல்றாங்களே?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். ரைஷோட பொண்ணு ஏவா ரைஷ், 1924ல வியன்னால பொறந்தவங்க, அவங்களும் டாக்டர். 1950களோட ஆரம்பத்துல நியூயார்க் ஹார்லம் ஆஸ்பத்திரில கொறை மாசக் குழந்தைகளோட வேலை பாத்தப்போ இதை உருவாக்கினாங்க. பின்னாடி பல நாடுகளுக்குப் போய் சொல்லிக்கொடுத்தாங்க, ஜெர்மனில ஹெபம்மேக்கள் நடுவுல நல்லா பரவிச்சு.

பட்டாம்பூச்சி இறக்கையைத் தொட்டா அதுல இருக்கற பொடி கூட உதிரக் கூடாது, அவ்ளோ லேசாத்தான் தொடணும்ங்கறதாலதான் அந்தப் பேரு. தலையில ஆரம்பிச்சு, முகம், தோள், கை, நெஞ்சு, வயிறு, கால், பாதம்னு மேலேந்து கீழ, நடுவுலேந்து வெளிப்பக்கமா ரெண்டு கையாலயும் தடவுவாங்க. எண்ணெய் கட்டாயம் இல்ல, மெல்லிசு டிரெஸ் மேலயும் பண்ணலாம். தொடங்கறதுக்கு முன்னாடி பாப்பாகிட்டயே இப்ப தொடப்போறேன் தங்கம்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பாங்க. பாப்பாவுக்கு என்ன புரியும்னு கேக்காதீங்க, அது முகத்தைத் திருப்பிக்கும், விரலை விரிச்சு விரைக்கும், விக்கல் எடுக்கும், கொட்டாவி விடும், முதுகை வளைக்கும், இதெல்லாம் போதும்னு சொல்ற பாஷைதான். அப்ப நிறுத்தி கையை சும்மா வெச்சுக்கணும். கண்ணை அகலமா தொறந்து உங்களையே பாத்தா, கை கால் தளர்ந்திருந்தா, தொடரலாம்.

மெதுவா தடவறதுக்குன்னே தோல்ல தனி நரம்பிழைகள் இருக்குன்னு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சிருக்காங்க, ஒரு விநாடிக்கு ஒண்ணுலேந்து பத்து சென்டிமீட்டர் வேகத்துல தடவினா அது நல்லா வேலை செய்யுது, அம்மாக்கள் குழந்தையைத் தானா தடவற வேகமும் அதேதான். பட்டாம்பூச்சி மசாஜை மட்டும் தனியா நிரூபிச்ச பெரிய ஆய்வு இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தோலோட தோல் வெச்சு அணைக்கறதுக்கு ஆதாரம் மலை மாதிரி இருக்கு. 1978ல கொலம்பியாவோட பொகோட்டால இன்குபேட்டர் பத்தாம கொறை மாசக் குழந்தைகளை அம்மா நெஞ்சுலயே கட்டி வெச்சாங்க, கங்காரு முறைன்னு இப்ப உலகம் முழுக்க இருக்கு, இந்தியாவும் நாலு ஆப்பிரிக்க நாடுகளும் சேந்து நடத்தி 2021ல வெளியிட்ட ஆய்வுல, பொறந்த உடனே இப்படி வெச்சுக்கிட்ட எடை கொறைஞ்ச குழந்தைகள்ல மொத மாச இறப்பு நாலுல ஒரு பங்கு கொறஞ்சுது. செலவே இல்லாத விஷயம் இது, தெரபிஸ்ட்டும் தேவையில்ல.

ஷ்ரைஆம்புலன்ஸ்ல என்ன பண்ணுவாங்க?

அதிகமா அழற குழந்தைகளுக்கான மையம். பல ஊர்ல ஆஸ்பத்திரியோட சேந்தும் இருக்கு. உடல்வழி முறையில இதை தாமஸ் ஹார்ம்ஸ் 1993ல பெர்லின்ல ஆரம்பிச்சார், அவரோட முறைக்கு உணர்வுகளுக்கான முதலுதவின்னு அர்த்தம் வர்ற பேரு. அங்க போனா பாப்பாவை வாங்கி ஏதோ பண்ணி அழுகையை நிறுத்திக் கொடுப்பாங்கன்னு எதிர்பாத்துட்டுப் போறாங்க, ஆனா தெரபிஸ்ட் மொதல்ல உங்களைத்தான் பாப்பாங்க. மூணு வாரம் தூங்காத அம்மாவோட தோள் காதுகிட்ட இருக்கும், மூச்சு நெஞ்சோட நின்னுடும், பாப்பா அந்த இறுக்கமான கையிலதான் படுத்திருக்கும். முதுகை நல்லா சாய்ச்சு உக்காருங்க, ஒரு கையை உங்க வயித்து மேல வைங்க, மூச்சு வயித்துக்குப் போகுதான்னு பாருங்க, பாப்பா அழுதுட்டே இருக்கட்டும், நீங்க கூட இருக்கீங்க இல்ல, அப்படின்னு ஆரம்பிப்பாங்க. பாப்பாவோட அழுகையை நிறுத்தறது நோக்கம் இல்ல, அழற பாப்பாவோட தன்னை இழக்காம இருக்கறதுதான் நோக்கம். அழுகை கொறையறதும் பல தடவை நடக்கும், ஆனா அதுக்கு கேரண்டி கெடையாது.

தாங்க முடியலன்னா பாப்பாவைத் தொட்டில்ல மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, அஞ்சு பத்து நிமிஷம் வெளிய போய் நில்லுங்க. அது தப்பே இல்ல. குலுக்கறது மட்டும் எந்த நிலைமையிலயும் கூடாது, சில விநாடி குலுக்கினா கூட மூளையில ரத்தக்கசிவு வரலாம். இதை வீட்டுக்காரர்கிட்டயும் வந்திருக்கற மாமியார்கிட்டயும் சொல்லி வைங்க.

நம்ம ஊர்ல பாட்டி காலை நீட்டிப் போட்டு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டறாங்களே, உரம் எடுக்கறாங்களே, அதுவும் இதுதானா?

எண்ணெய் தேச்சு விடறது அருமையான பழக்கம், பாப்பா ரசிச்சா தாராளமா பண்ணுங்க, சூடான ரூம்ல, மெதுவா. கடுகெண்ணெய் மட்டும் தோலை எரிக்கும், வேண்டாம். ஆனா மூக்கை நீவி நிமித்தறது, தலையை உருட்டி வடிவம் கொண்டுவர்றது, மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடறது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்கறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், மார்பைப் பிதுக்கினா சீழ் பிடிச்சு ஆபரேஷன் வரைக்கும் போகும். உரம் விழுந்துடுச்சுன்னு சேலையில போட்டு ரெண்டு பேர் புடிச்சு உருட்டறதுல கழுத்து நிக்காத பாப்பாவோட தலை தனியா ஆடும், அது ஆபத்து. பாட்டிக்கு பாசம் இல்லாம இல்ல. அவங்ககிட்ட சண்டை போடாம, பாட்டி நீங்க கால்ல போட்டுக்கங்க, நான் தலையைப் புடிச்சுக்கறேன்னு கூடவே உக்காந்துட்டா பாதிப் பிரச்சனை முடிஞ்சுடும்.

சிசேரியன்ல பொறந்ததால பாப்பாவுக்கு ட்ராமா, அதான் அழறான்னு ஒரு தெரபிஸ்ட் சொன்னாங்க. நெஜமா?

அப்படி யாராலயும் சொல்ல முடியாது. பாப்பாவோட உடம்பைப் பாத்து பொறந்தப்போ நடந்ததைப் படிக்கற திறமை யாருக்கும் கெடையாது. பிரசவம் உங்களுக்கு பயங்கரமா இருந்திருந்தா அது நெஜம், அதுக்கு உதவி தேடணும், ஆனா அந்தக் குத்த உணர்ச்சியைக் குழந்தை பேருல உங்க தலையில ஏத்தற ஆள்கிட்ட போகாதீங்க. பெரியவங்களுக்கும் இதேதான், உங்க இடுப்பு இறுகியிருக்கு, சின்ன வயசுல உங்களுக்கு ஏதோ நடந்திருக்குன்னு சொல்ற தெரபிஸ்ட்டை நம்பாதீங்க, அப்படித்தான் நடக்காத ஞாபகமெல்லாம் முளைக்குது.

திரும்பப் பொறக்கற மாதிரி செஞ்சு மனசை சரி பண்றோம்னு சொல்ற மறுபிறப்பு சிகிச்சைன்னு 2000ல அமெரிக்காவோட கொலராடோல 10 வயசுக் குழந்தையைப் போர்வையில சுத்தி மேல அழுத்தினாங்க, மூச்சு விட முடியலன்னு அது சொல்லியும் விடல, குழந்தை செத்துப்போச்சு, ரெண்டு தெரபிஸ்ட்டுக்கும் 16 வருஷம் தண்டனை. வேண்டாம்னு சொல்ற உடம்பை கேக்காத சிகிச்சை சிகிச்சையே இல்ல.

தலை ஒரு பக்கமே சாயுது, கிஸ் சிண்ட்ரோம்னு சொல்றாங்க?

கழுத்தோட மேல் மூட்டுல கோளாறு, அதான் பாப்பா சாயறா, அழறான்னு சொல்றதுக்கு வெச்ச பேரு அது, ஜெர்மனில உண்டானது, குழந்தை நரம்பியல் டாக்டர்கள் அதை ஒரு நோயா ஏத்துக்கறது இல்ல. கழுத்து ஒரு பக்கம் சாஞ்சா கிண்டர்ஆர்ட்ஸ்ட் பாத்துட்டு ஃபிசியோதெரபிக்கு சீட்டு எழுதுவார், அது இன்சூரன்ஸ்லயே வரும். முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்க. பாப்பா கழுத்தை வெடுக்குன்னு திருப்பற யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

அழறது பாப்பா இல்ல, நான்தான்.

பொறந்த மொத ரெண்டு வாரம் காரணமில்லாம அழுகை வர்றது சகஜம். அதுக்கு மேலயும் போச்சுன்னா, தூங்க நேரம் கெடைச்சும் தூக்கம் வரலன்னா, பாப்பாவைப் பாத்தா ஒண்ணுமே தோணலன்னா, நான் இல்லாம இருந்தாத்தான் இதுக்கு நல்லதுன்னு தோணினா, அது பிரசவத்துக்கு அப்பறம் வர்ற மனச்சோர்வு, சரியாகற நோய், மசாஜால சரியாகற நோய் இல்ல. ஹெபம்மேகிட்டயோ லேடி டாக்டர்கிட்டயோ அப்படியே சொல்லுங்க, பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கற மருந்து இருக்கு. 116117க்கு ஃபோன் பண்ணா மனச்சிகிச்சைக்கு மொத அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருவாங்க. உயிரை மாய்ச்சுக்கற எண்ணம் வந்தா 112. ராத்திரி யார்கிட்டயாவது பேசணும்னா 0800 111 0 111, காசு கெடையாது, பேரு கேக்க மாட்டாங்க.

யாருக்காவது இல்லாத குரல் கேக்குது, ரெண்டு மூணு நாளா தூக்கமே இல்லாம ஓவர் உற்சாகமா இருக்காங்க, சம்பந்தமில்லாம பேசறாங்கன்னா உடனே ஆஸ்பத்திரி, அந்த நேரத்துல உடல்வழி சிகிச்சையை ஆரம்பிக்கவே கூடாது. ஏற்கெனவே சாப்பிடற மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்ற தெரபிஸ்ட்டும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் தருமா?

அரசு ஹெல்த் இன்சூரன்ஸ், இங்க கிராங்கன்காஸ்ஸேன்னு சொல்லுவாங்க, பெரியவங்களுக்கு நாலு வகை மனச்சிகிச்சைக்குத்தான் காசு கொடுக்குது: ஃப்ராய்ட் வழி சைக்கோஅனாலிசிஸ், அதை ஒட்டின ஆழ்மன சிகிச்சை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற பிஹேவியர் தெரபி, 2020லேந்து குடும்ப உறவுகளையும் சேர்த்துப் பாக்கற சிஸ்டமிக் தெரபி. உடல்வழி சிகிச்சை அந்த லிஸ்ட்ல இல்ல, ஆனா லைசென்ஸ் உள்ள சைக்கோதெரபிஸ்ட் சிலர் இதையும் படிச்சிருப்பாங்க, அவங்ககிட்ட போனா வழக்கமான முறைக்குள்ளயே இதையும் கலந்து பண்ணுவாங்க. கிரானியோசேக்ரலுக்கு பெரும்பாலும் கைக்காசுதான். ஆஸ்டியோபதிக்கு சில காஸ்ஸே ஒரு பகுதி திருப்பித் தருது, ஃபோன் பண்ணிக் கேளுங்க. ஹெபம்மே வீட்டுக்கு வர்றது 12 வாரம் வரைக்கும் இன்சூரன்ஸ்லயே வரும், அவங்களுக்கே பட்டாம்பூச்சி மசாஜ் தெரிஞ்சிருந்தா அங்கயே கத்துக்கலாம். ஸ்விஸ்ல நிலைமை வேற, அங்க கூடுதல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா கிரானியோசேக்ரலுக்குப் பலருக்குக் கெடைக்கும், தெரபிஸ்ட் பதிவு பண்ணவரான்னு மட்டும் பாத்துக்கணும்.

ஹைல்பிராக்டிக்கர்னு போர்டு இருக்கு. நம்பலாமா?

1939லேந்து இருக்கற சட்டப்படி, டாக்டர் இல்லாதவங்களும் சுகாதார ஆபீஸ்ல பரீட்சை பாஸ் பண்ணா சிகிச்சை பண்ணலாம், அவங்களுக்குத்தான் இந்தப் பேரு. அந்தப் பரீட்சை இவங்களால ஆபத்து வராதான்னுதான் பாக்குது, இந்த சிகிச்சை நல்லா தெரியுமான்னு பாக்கறது இல்ல. ரொம்ப நல்லவங்களும் இருக்காங்க, ஒரு வாரக்கடைசி கோர்ஸ் முடிச்சவங்களும் இருக்காங்க. எங்க படிச்சீங்க, எத்தனை வருஷம், உங்க வேலையைப் பாத்து ஆலோசனை சொல்ற சூப்பர்விஷனுக்கு நீங்க யார்கிட்ட போறீங்க, பாப்பாக்களோட எவ்ளோ அனுபவம், எப்ப டாக்டர்கிட்ட அனுப்புவீங்கன்னு நேரா கேளுங்க. கடைசிக் கேள்விக்கு பதில் தடுமாறினா அங்க பாப்பாவை எடுத்துட்டுப் போகாதீங்க. பத்து செஷனுக்கு முன்பணம் கேட்டாலும் வேண்டாம், மூணு தடவை போயும் ஒரு மாற்றமும் இல்லன்னா நிறுத்திடலாம்.

ஜெர்மன் சரியா வராது. தமிழ்ல கெடைக்குமா?

கஷ்டம். இங்கிலீஷ்ல பண்றவங்க பெரிய ஊர்கள்ல ஈசியா கெடைப்பாங்க. வீட்டுக்காரரை மொழிபெயர்க்க வெச்சுக்கிட்டு மனச்சிகிச்சை போகாதீங்க, அவர் முன்னாடி சொல்ல முடியாதது ஏதாவது கண்டிப்பா இருக்கும். பாப்பாவுக்கான அப்பாயின்ட்மென்ட்னா ரெண்டு பேரும் சேந்தே போங்க, அவரும் பாப்பாவை மடியில வெச்சு கத்துக்கட்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் தூக்கிக்கணும் இல்லையா. உடல்வழி சிகிச்சைல உணர்றதைத் தமிழ்லயே சொல்லிடறேன்னு தெரபிஸ்ட்கிட்ட கேட்டுக்கலாம், வயித்தைப் பிசையுதுன்னு தமிழ்ல சொல்லிட்டு அப்பறம் கையால காட்டினா போதும், புரிஞ்சுக்குவாங்க.